இறங்குற சட்டை

"தீபாவளிக்கு" என்று சொல்லித் துணி கொடுத்தால் அப்பா நோட்டில் தேதி குறித்துக்கொள்வார். "கப்பலுக்கு" என்றால் தேதி கேட்கமாட்டார். ராஜுலா என்றைக்கு வருகிறது என்பது நாகப்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் கேட்பது வேறு. கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை உருவிக்கொண்டே, "கப்பல்ல போட்டுக்கவா, இறங்குறதுக்கா?" என்பார்.

அறுபதுகளின் கடைசியில் நான் காஜா எடுக்கும் பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடை வாசலில் வெளிச்சம் இருக்கும் பக்கமாக உட்கார்ந்து, இருட்டும் வரை ஊசியும் நூலுமாக இருப்பேன். அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. பிறகு கப்பல் நின்றது, கேள்வியும் நின்றது. நானும் நாற்பது வருஷத்துக்கு மேல் மெஷின் மிதித்து, பள்ளிச் சீருடையும் கல்யாண பிளவுஸும் தைத்து, கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் மகள் போன் செய்தாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் போகிறதாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாளாம். என்னென்ன துணி எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் சொன்னாள். ஒரு ராத்திரி எல்லாரும் வெள்ளை உடுத்த வேண்டும். ஒரு ராத்திரிக்குக் கோட்டு. பகலில் நீச்சல் குளத்துப் பக்கம் போக அரைக்கால் சட்டை. மேல்தளத்தில் காற்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, என்னை அறியாமலே கேட்டேன்: "சரிம்மா, இறங்குறதுக்கு எது?"

"இறங்குறதுக்கா? ஏறுன இடத்துலதானேப்பா இறங்கப் போறோம்" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் கேள்விக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

ராஜுலாவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். கட்டிய காலத்தில் 5,000 டெக் பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. பாய் விரித்த இடம்தான் வீடு. பக்கத்துப் பாய்க்கும் நம் பாய்க்கும் நடுவே பெட்டி. அந்தப் பெட்டியே சுவர், அதுவே தலையணை, சோறு வைத்துத் தின்னும் பலகையும் அதுதான்.

எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் போய், படகு அலையில் ஏறி இறங்கும்போது சமயம் பார்த்துக் கப்பலின் படியில் காலை வைக்க வேண்டும். வேட்டி முழங்கால் வரை நனையாமல் ஏறியவர்கள் குறைவு. அதற்கு மேல் பினாங்கு போய்ச் சேர ஐந்தாறு நாள். டெக்கில் நல்ல தண்ணீர் குடிக்கத்தான். துவைக்க வேண்டுமானால் உப்புத் தண்ணீர். அதில் சவுக்காரம் நுரைக்காது. காய்ந்தாலும் துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும், ராத்திரி ஈரக்காற்று பட்டதும் மறுபடி பிசுபிசுக்கும். வாந்தி வேறு. அதனால் கப்பலில் போட்டுக்கொள்ளும் துணி என்பது போனால் போகட்டும் என்று விடத்தக்க துணி. பழைய கைலி, இரண்டு முண்டா பனியன், பட்டாபட்டி டிராயர் போதும். அப்பா அதற்கெல்லாம் தைக்க ஒப்புக்கொள்ளவே மாட்டார். "இருக்கிறதக் கட்டிட்டுப் போங்க தம்பி, இதுக்குக் காசு கொட்டாதீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இறங்குகிற சட்டை அப்படியல்ல. அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் சிரத்தையை மாப்பிள்ளைச் சட்டைக்குக்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. பினாங்கில் அந்தப் பையனுக்கு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அவருடைய கடை முதலாளி துறைமுகத்துக்கு வந்தாலும் வரலாம். குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். ஒரு பார்வையில் இவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, கடையில் உட்கார வைக்கலாமா, மூட்டை தூக்க அனுப்பலாமா என்று முடிவாகிவிடும். அந்த ஒரு பார்வைக்கான சட்டை அது. காலருக்கு நல்ல கேன்வாஸ் கொடுப்பார். தோளில் இரட்டைத் தையல். உள்ளே மடிப்பில் அரை அங்குலம் துணி விட்டு வைப்பார். "அங்க போயி நல்லாச் சாப்பிட்டு உடம்பு போடுவான், பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். அந்த அரை அங்குலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன், இடுப்பெலும்பு தெரியும். அவன் சட்டைக்குள் யாருக்கும் தெரியாமல் அப்பா தைத்துக்கொடுத்த ஆசீர்வாதம் அது.

இன்னொன்றும் உண்டு, உள்பை. கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்கு உள்புறம், வலது பக்கமாக, பாஸ்போர்ட்டும் அம்மைப்பால் சான்றும் நாலு நோட்டும் படுக்கிற அளவில் ஒரு பை. வாய்க்குப் பட்டன் இரண்டு. கை நுழைக்கும் வழி போட்டிருப்பவனுக்கு மட்டும் பிடிபடும். படுத்தால் குத்தக்கூடாது, குனிந்தால் பிதுங்கக்கூடாது. அந்தக் காஜாக்களை அப்பா எனக்குக் கொடுக்கமாட்டார், அவரே எடுப்பார்.

பெட்டி கட்டுவதற்கும் அவரிடம் யோசனை கேட்பார்கள். தகரப் பெட்டிதான் எல்லாருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டால் பெயரும் ஊரும் எழுதியிருக்கும், திண்டுக்கல் பூட்டு தொங்கும், மேலே நார்க்கயிறு. அப்பா சொல்லும் முறை இது: அடியில் செய்தித்தாள் விரி. மூலைக்கு ஒரு அந்துருண்டை. அதன்மேல் இறங்குற சட்டை. பட்டன் எல்லாம் போட்டு, முகத்தைக் கீழாகக் கவிழ்த்து, கையை முதுகுப் பக்கம் மடித்து, மடிப்புக்கு நடுவே ஒரு தாள். அதற்குமேல் வேட்டி, துண்டு, மற்றதெல்லாம். "மேல இருக்கிற கனந்தான் இஸ்திரி. ஆறு நாள் அழுந்தட்டும், எடுக்கறப்ப கத்தி மாதிரி நிக்கும்." எண்ணெய் போட்ட ஊறுகாய் ஜாடி பெட்டிக்குள் வரக்கூடாது. அது கூடையில்தான் போக வேண்டும். ஒரு தடவை நாகூர்ப் பையன் ஒருவன் சொல் கேட்காமல் எலுமிச்சை ஊறுகாயைப் பெட்டியில் வைத்து, இறங்குகிற அன்று பார்த்தால் முதுகில் உள்ளங்கை அகலம் மஞ்சள் கறை. பக்கத்துப் பாய்க்காரர் தன் சட்டையைக் கொடுத்தாராம். மூன்று வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது கறைபட்ட சட்டையோடு கடைக்கு வந்து, "அண்ணே, நீங்க சொன்னது சரி" என்று காட்டினான். அதை ஏன் பத்திரமாக வைத்திருந்தான் என்று அப்பா கேட்கவில்லை.

எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கப்பல் ஏறியதில்லை. வியாபாரத்துக்குப் போவதைச் செட்டிநாட்டார் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம்கள் அப்படிப் போகிறவரைச் சபுராளி என்பார்கள். தோட்ட வேலைக்குப் போனவர்களின் கதை தனி. அவர்களில் பலருக்குப் பெட்டியே கிடையாது, துணி மூட்டைதான். தொற்று நோய் பயம் இருந்த காலத்தில் டெக் பயணிகளைப் பினாங்குக்குப் பக்கத்திலுள்ள ஜெரஜாக் தீவில் வைத்திருந்துதான் ஊருக்குள் விட்டார்கள். மூட்டைக்குள் ஒருவர் இறங்குகிறதுக்கென்று ஒரு புடவை வைத்திருந்தால், அது வெளியே வர இன்னும் எத்தனை நாள் காத்திருந்திருக்கும்.

துணி மட்டும் இவர்களுக்கு முன்பே அங்கே இறங்கியிருந்தது. மலாய்க்காரர்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலேகாட்'. பெலேகாட் வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடு. பினாங்கில் இறங்கிய பையன்களில் எத்தனை பேருக்கு, எதிரே நிற்கிறவர் இடுப்பில் இருப்பது தன் ஊர்க் கரைத் துணியின் பெயர் என்று தெரிந்திருக்கும்!

இறங்குகிற உடுப்பு என்ற கவலை ஏழைகளுக்கு மட்டும் உரியதில்லை. காந்தி 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது பதினெட்டு. கப்பல் முழுக்கக் கறுப்பு சூட்டு போட்டுக்கொண்டார். வெள்ளை ஃபிளானல் சூட்டு ஒன்றைக் கரையில் இறங்கும்போது உடுத்த வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார். வெள்ளைதான் தனக்கு எடுப்பாக இருக்கும் என்று நம்பினார். இறங்கியது செப்டம்பர் கடைசியில். அங்கே குளிர் தலைகாட்டும் நேரம். துறைமுகத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜென்ட் கையில், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஓட்டலில் அந்த வெள்ளை உடுப்போடேயே கூசிக்கொண்டு இருந்திருக்கிறார். தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். தையற்காரனாக எனக்கு இது வெறும் கதையில்லை. அந்தச் சூட்டைத் தைத்தவர் கையில் அளவு சரியாகத்தான் இருந்திருக்கும். இறங்கும் ஊரில் அன்றைக்கு என்ன பருவம் என்று கேட்கத்தான் ஆளில்லை.

கணித மேதை ராமானுஜன் கதை இதைவிடக் கனமானது. 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் அவர் ஏறிய நெவாசா கப்பலும் ராஜுலாவின் கம்பெனிதான். புறப்படுமுன் குடுமியை எடுத்தார்கள், காலர், டை, கோட்டு எல்லாம் மாட்டினார்கள். அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று தாயையும் மனைவியையும் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் கண் கலங்கியதைக் கூட இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஷூ காலைக் கடித்தது, செருப்போடு நடமாடினார். குளிர்காலம் வந்தபோது நண்பர் மகலனோபிஸ், ராத்திரி கதகதப்பாக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றாராம். அறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையின் ஓரத்தில் இறுக்கிச் செருகியபடியே இருக்கின்றன. அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருந்திருக்கிறார்.

இதைப் படித்த அன்று நான் வேலை செய்யவில்லை. இறங்கும்போது நாலு பேர் பார்க்கும் உடுப்பை எல்லாரும் சேர்ந்து அவருக்குத் தயார் செய்தார்கள். இறங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் ராத்திரிக்கு என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் நானும்கூட எத்தனையோ பையன்களை அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம்.

காந்தி மறுபடி 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்காக ராஜபுதானா கப்பலில் போனார். இந்த முறை கூட வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கோபப்பட்டு, வேண்டாததை ஏடனிலிருந்தே திருப்பி அனுப்ப வைத்தார். ஏறின வேட்டியோடும் சால்வையோடும் இறங்கினார், அதே உடையில் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைக்கும் போனார். முதல் பயணத்துக்கும் இதற்கும் நடுவே 43 வருஷம்.

வெள்ளைக்காரர்களின் கப்பல்களில் பெட்டிக்கு வேறு சட்டம். பி அண்ட் ஓ போன்ற கம்பெனிகள் பெட்டிமேல் ஒட்டச் சீட்டு கொடுத்தன. 'கேபின்' என்று ஒட்டியது அறைக்குப் போகும். அது உயரம் குறைந்த பெட்டி, படுக்கைக்கு அடியில் தள்ளுகிற மாதிரி செய்தது. 'வாண்டட் ஆன் வாயேஜ்' என்று ஒட்டியதைப் பயணத்தின் நடுவில் சாமான் அறையில் போய்த் திறந்துகொள்ளலாம். 'நாட் வாண்டட்' என்பது கப்பலின் அடிவயிற்றுக்குப் போனால் இறங்குகிற வரை கண்ணில் படாது. கூன் மூடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது என்பதால்தான் பாரிஸில் லூயி வுய்ட்டோன் 1858இல் தட்டை மூடிப் பெட்டி செய்தார். நாம் பார்த்த தகரப் பெட்டிகளின் மூடி தட்டையாக இருப்பதும் அடுக்கத்தான்.

சூயஸ் கால்வாயைத் தாண்டிச் செங்கடலுக்குள் வந்ததும் கம்பளித் துணி உள்ளே போய்ப் பருத்தி வெளியே வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயம் என்றிருந்தவர்களே அந்த வெக்கையில் கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டையோடு இடுப்பில் பட்டி மட்டும் கட்டி உட்கார்ந்தார்கள். 'ரெட் ஸீ ரிக்' என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த இடுப்புப் பட்டியும் 'கமர்பந்த்' என்ற பெயரோடு இங்கிருந்து போனதுதான்.

இப்படியெல்லாம் ஓரிடத்துக்குப் போவதற்காகவே கப்பல் ஏறிய உலகத்தில், எங்கும் போகாத கப்பலை விட்டவர் ஆல்பர்ட் பாலின் என்ற ஜெர்மன்காரர். ஹாம்பர்க்கில் கப்பல் கம்பெனி நடத்தியவர். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் ஆள் வரமாட்டார்கள், பெரிய கப்பல்கள் சும்மா கிடக்கும். அவற்றில் ஒன்றான அகஸ்டா விக்டோரியாவை 1891 ஜனவரி 22ஆம் தேதி 241 பேரோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதுதான் பயணம். அதற்கு முன்பும் இப்படிப் போனவர்கள் உண்டு, ஆனால் பெரும் கப்பலை இதற்கென்றே ஓட்டும் வழக்கம் அங்கிருந்துதான் வலுத்தது. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு உடுப்பு என்பது அப்படி வந்தது. பார்க்கிறவர்கள் கரையில் இல்லை, பக்கத்து மேசையில் இருக்கிறார்கள்.

வெயில் தேடிக் கப்பலில் போன அமெரிக்கர்கள் விரும்பிய சட்டையின் பெயர் 'மெட்ராஸ்'. நம் கைத்தறிக் கட்டம்தான். துவைக்கத் துவைக்கச் சாயம் கலங்குவதையே அழகென்று சொல்லி, 'பிளீடிங் மெட்ராஸ்' என்று அறுபதுகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். எங்கள் கடையில் சாயம் போகிற துணியை அப்பா வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் நனைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

திரும்பி வருகிற பெட்டியை நான் சொல்லவில்லை. போகும்போது ஒருவனுடைய துணி இருந்த பெட்டியில் வரும்போது அவன் துணி அடியில் ஒரு மூலையில் கிடக்கும். மேலெல்லாம் மற்றவர்களுக்கு: அம்மாவுக்கு நைலெக்ஸ் புடவை, அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு டெர்லின் சட்டைத் துணி, கோடாலித் தைலம். டெர்லின் கிழியாது, கசங்காது என்று ஊரே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வியர்வையைக் குடிக்காத துணி மனுஷனுக்கு ஆகாது என்பார். ஆனால் கொண்டு வந்தவன் முகத்துக்காகத் தைத்துக் கொடுப்பார், சூடு அதிகமானால் உருகிவிடும் என்று பயந்து பயந்து இஸ்திரி போடுவார்.

ராஜுலா 1973இல் இந்தப் பாதையை விட்டது. அடுத்த வருஷம் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்தில் எம்.வி. சிதம்பரம் வந்தது, பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய கப்பல். 1985 பிப்ரவரி 12ஆம் தேதி நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு ரேடியோவைச் சுற்றி நின்றவர்களை மறக்க முடியாது. அதோடு கப்பல் பயணம் முடிந்தது. பிறகு எல்லாரும் விமானத்தில் போனார்கள். நாலு மணி நேரத்தில் இறங்குகிறவனுக்கு ஏறின சட்டையே இறங்குற சட்டை. "கப்பலுக்கு" என்று சொல்லிக் கடைக்குள் நுழைய ஆளில்லாமல் போனது.

இப்போது கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்த சக்கரப் பெட்டி, புத்தகம் மாதிரி நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஆழமாக இருக்கிறது. வெள்ளை ராத்திரிக்கு வேட்டி சட்டையே போதும் என்று வைத்துவிட்டேன். கோட்டுக்கு மருமகனுடையதை அளவு பிரித்துத் தைத்தேன். தோள் சற்று இறங்கியிருந்தது, சரி செய்தேன். கால்சட்டையின் இடுப்புக்குள் வலது பக்கம் ஒரு பை வைத்து, இரண்டு காஜாவும் கையாலேயே எடுத்தேன்.

"அறையிலேயே பூட்டு வச்ச பெட்டி இருக்காம், எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்" என்றேன்.

ஒரு புதுச் சட்டை தைத்திருக்கிறேன், பட்டியலில் இல்லாதது. இள நீலம், பருத்தி, உள்ளே மடிப்பில் அரை அங்குலம் விட்டிருக்கிறேன். பட்டன் போட்டுக் கவிழ்த்து, கையை முதுகுக்கு மடித்து, நடுவில் தாள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தப் பெட்டியில் அடி எது என்று பிடிபடவில்லை. இந்தப் பக்கம் வைத்தால் மூடும்போது மேலே வருகிறது, அந்தப் பக்கம் வைத்தால் நிமிர்த்தும்போது சரிகிறது. மனைவி என் கையிலிருந்து வாங்கி, தன் புடவைகளுக்கு அடியில் வைத்து, மேலே உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள்.